கால் என்றால் எந்தக் கால்?

தாராவியில் 90 அடிச் சாலையை ஒட்டிய சந்து ஒன்றில், வாரம் மூன்று மாலை, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருகிறேன். பெற்றோர்களின் சம்மதத்துடன் ஒரு நாள் கைப்பேசியைக் கரும்பலகையோரம் வைத்து, 40 நிமிட வகுப்பைப் பதிவு செய்தேன். பேச்சை எழுத்தாக்கும் மென்பொருளில் அதைக் கொடுத்தபோது இப்படி ஒரு வரி வந்தது: ‘அரையைவிடப் பாவம் சின்னது.’

அந்தச் சிறுமி சொன்னது ‘பாவ்’. இந்தியிலும் மராத்தியிலும் கால் பங்குக்கு அதுதான் பெயர். காய்கறிக் கடையில் ‘பாவ் கிலோ’ என்று கேட்டு வாங்கிப் பழகிய பிள்ளை. வடாபாவில் உள்ள ரொட்டிக்கும் இதே பெயர்தான்.

மென்பொருள் ஏன் தவறியது? ஒலிவாங்கியில் மோதும் காற்றழுத்தத்தை அது வழக்கமாக நொடிக்கு 16,000 முறை அளக்கிறது. பிறகு நொடியில் நூறில் ஒரு பங்கு இடைவெளியில் நகர்ந்து நகர்ந்து, எந்த அதிர்வெண் எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று பார்த்து ஒலிகளை ஊகிக்கிறது. ஒலி மட்டும் போதாது. ‘கால் வலிக்கிறது’, ‘கால் பங்கு’ இரண்டிலும் ஒலி ஒன்றே. எந்தக் கால் என்பதை அக்கம்பக்கத்துச் சொற்கள்தாம் காட்டிக்கொடுக்கும். ஆகவே பழகிய எழுத்துகளிலிருந்து, இந்த இடத்தில் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்றும் கணக்கிடுகிறது. தமிழ் வாக்கியத்துக்கு நடுவே இந்திச் சொல்லை அது எதிர்பார்க்கவில்லை. ‘பாவம்’ வென்றுவிட்டது.

வகுப்பறைக்கு வேறு இடையூறுகளும் உண்டு. சிறுவர்களின் குரல்நாண்களும், தொண்டையிலிருந்து உதடு வரையிலான குரல்வழியும் குட்டையானவை. அதனால் அவர்களின் குரலும் அதன் ஒத்ததிர்வுகளும் உயர்ந்து ஒலிக்கின்றன. பெரியவர்களின் குரலில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறுகிறது. பத்துப் பேர் சேர்ந்து ‘ஆமாம் டீச்சர்’ என்று கத்தினால், யார் பேசியது என்று பிரிக்கவே முடிவதில்லை.

இருந்தும் வகுப்புப் பேச்சை இயந்திரத்தால் ஆராயும் இந்த வேலை முக்கியம் என்று நினைக்கிறேன். ஆசிரியரின் பேச்சை ஆராய்வது பழைய முயற்சி. அமெரிக்கக் கல்வியாளர் நெட் ஃபிளாண்டர்ஸின் முறையில், ஒருவர் வகுப்பில் அமர்ந்து 3 நொடிக்கு ஒரு முறை குறிப்பெடுக்க வேண்டும்: ஆசிரியர் பேச்சுக்கு 7 வகை, மாணவர் பேச்சுக்கு 2, மௌனத்துக்கும் குழப்பத்துக்கும் 1. நாற்பது நிமிடத்துக்கு 800 குறிப்புகள்! எந்தப் பள்ளியில் இதற்கு ஆள் கிடைப்பார்?

1970-களில் அமெரிக்க அறிவியல் கல்வியாளர் மேரி பட் ரோ மௌனத்தையே அளந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார் என்று கண்டார். அதை 3 நொடிக்கு நீட்டியபோது பதில்கள் நீண்டன, ‘தெரியாது’ குறைந்தது, வாயே திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, மௌனத்துக்கு மொழி இல்லை என்பது. ‘பாவ்’ புரியாத இயந்திரத்துக்கும், குரல் எங்கே நின்றது, எங்கே தொடங்கியது என்பது தெரியும். என் பதிவில் பல கேள்விகளுக்கு ஒரு நொடிகூட நான் காத்திருக்கவில்லை. பொறுமைசாலி என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். அந்த நேரக்கோட்டைப் பார்க்க வேதனையாக இருந்தது.

அடுத்த படிக்கு மொழி தேவை. பிள்ளை சொன்னதை ஆசிரியர் எடுத்துத் தொடர்கிறாரா? ஸ்டான்ஃபோர்டில் டொரொட்டியா டெம்ஸ்கியும் உடன் ஆய்வாளர்களும் 2021-இல் இதற்கு ஒரு வழி காட்டினார்கள். மாணவர் கூற்றையும் அதற்கு ஆசிரியர் சொன்ன மறுமொழியையும் ஒரு ஜோடியாக வைக்கிறார்கள். அதே கூற்றுடன், வேறெங்கோ சொல்லப்பட்ட மறுமொழி ஒன்றைச் சேர்த்து இன்னொரு ஜோடி. எது உண்மையானது என்று கண்டுபிடிக்க, மொழி மாதிரி எனப்படும் கணினி நிரலைப் பழக்குகிறார்கள். ‘சரி, அடுத்தது’ எந்தப் பதிலுக்கும் பொருந்தும். அதை வைத்து எதையும் கண்டுபிடிக்க முடியாது, அந்த மறுமொழிக்கு மதிப்பெண் குறைவு. ‘அரையைவிடச் சின்னது என்று எப்படித் தெரிந்தது?’ என்பது அந்தப் பதிலுக்கு மட்டுமே பொருந்தும். 1,100-க்கும் மேற்பட்ட பயிற்றுநர்கள் கற்பித்த இணைய வகுப்பில், தங்கள் வகுப்பை இப்படி அளந்து தந்த பின்னூட்டத்தைப் பெற்றவர்கள் மாணவர் பேச்சை எடுத்துத் தொடர்வது 13 சதவீதம் கூடியது.

அந்த மொழி மாதிரி பழகியது அமெரிக்கக் கணக்கு வகுப்புகளின் ஆங்கில உரையாடலில். தமிழில் எழுதுவது ஒன்று, பேசுவது வேறு. தாராவிப் பிள்ளை அதோடு மேலும் இரண்டு மொழிகளைக் கலக்கிறாள். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இயல்பான இந்திய மொழிப் பேச்சைத் திரட்டி வருகிறது. மும்பை மாநகராட்சி எட்டு மொழிகளில் பள்ளி நடத்தும் ஊர் இது. இந்தக் கலப்புப் பேச்சும் அத்தகைய திரட்டில் சேர வேண்டும். சேர்க்கும்போது குழந்தையின் குரல் அவளுடையது என்பது மறக்கப்படக் கூடாது. 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயதுக்குக் கீழ் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. காத்திருந்த நொடிகள், மதிப்பெண்கள் போன்ற இந்த எண்கள் ஆசிரியரின் கண்ணுக்கு மட்டுமே போக வேண்டும், மேலதிகாரியின் கோப்புக்கு அல்ல என்பதும் என் உறுதியான கருத்து. பயந்த ஆசிரியர், எண்ணுக்காக மௌனம் காப்பார்.

அடுத்த வகுப்பில் அந்தச் சிறுமியிடம் கேட்டேன்: “பாவ் ஏன் சின்னது?” காத்திருந்தேன். பதிவில் அது நான்கு நொடி. எனக்கோ நீண்ட நேரமாகத் தோன்றியது. அவள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, பாதியாக மடித்து, மீண்டும் மடித்தாள். மூன்றாம் முறையும் மடித்துவிட்டு, “டீச்சர், இதற்குத் தமிழில் என்ன பெயர்?” என்றாள்.

“அரைக்கால்” என்றேன். எல்லோரும் தங்கள் கால்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.