ஃபிஷிங்: தமிழில் தூண்டில் மோசடி

பாம்பனிலோ மண்டபத்திலோ ‘ஃபிஷிங்’ என்றால் விசைப்படகும் துறைமுகமும்தான் நினைவுக்கு வரும். வங்கி எச்சரிக்கைகளில் வரும் ‘ஃபிஷிங்’ வேறு: நம்பவைத்துக் கடவுச்சொல்லையும் ஓடிபியையும் பறிக்கும் மோசடி. ஆங்கிலத்தில் மீன்பிடிப்பு எஃப் எழுத்தில் தொடங்கும், மோசடி பிஎச் எழுத்துகளில் தொடங்கும். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. அதனாலேயே இந்தக் கரைக்குத் தமிழ்ச்சொல் கட்டாயம் வேண்டும்.

1990களின் நடுவில், அமெரிக்கா ஆன்லைன் என்ற இணையச் சேவையின் ஊழியர்போல நடித்துக் கடவுச்சொல்லைக் கறந்தவர்களிடம் புழங்கிய சொல் ‘ஃபிஷிங்’. தொலைபேசி இணைப்புகளில் திருட்டுத்தனமாகப் புகுந்தவர்களை முன்பே ‘ஃப்ரீக்கர்’ என்பார்கள். அந்தச் சொல்லின் பிஎச்சே இதில் ஒட்டிக்கொண்டது என்பர்.

‘வலைவீச்சு’ எனலாமே என்று தோன்றும். பொருந்தாது. வலையில் மீன் போகிற போக்கில் சிக்கும். தூண்டிலில் இரையைக் கவ்வினால்தான் முள் ஏறும். இங்கேயும் ஓடிபியையும் பின் எண்ணையும் தட்டுவது நம் விரல்தான். ஆகவே ‘தூண்டில் மோசடி’.

இரை ஊருக்கேற்ப மாறும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வருமானம் நின்றுபோன அந்த நாளில், “நிவாரணப் பணம் வரவாகவில்லை, கேஒய்சி புதுப்பிக்கவும்” என்று லிங்கோடு ஒரு குறுஞ்செய்தி வந்தால் கை தானாகப் போகும். கீழக்கரை, தொண்டிப் பக்கம் வளைகுடா விசாவே இரையாகலாம்.

லிங்கைத் தட்டாமல் எழுத்தாகப் படியுங்கள். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு முன்னால் முகவரி எப்படி முடிகிறது? அரசுத் தளங்கள் பெரும்பாலும் ‘கவ் டாட் இன்’ (gov.in) என்றே முடியும். ‘டிஎன்கவ்-மீனவர் டாட் காம்’ போன்ற பெயரை யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். சுருக்கிய லிங்க்கில் இப்படிப் பார்க்க முடியாது, விட்டுவிடுங்கள். பணம் தருவதாகச் சொல்லி யுபிஐ பின் எண் கேட்டாலும் தட்டாதீர்கள், பணம் பெற அது தேவையே இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பு, அதாவது செயலியை நிறுவும் கோப்பு, இன்னும் கொடியது. நிறுவியதும் குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், ஓடிபியை நாம் சொல்லாமலே அது எடுத்துக்கொள்ளும்.

முள் ஏறிவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். தொகை, நேரம், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை கையில் இருக்கட்டும். பணம் கணக்குக் கணக்காகத் தாவி ஏடிஎம்மில் எடுக்கப்படுவதற்குள் முடக்கினால்தான் மீளும். ரிசர்வ் வங்கி 2017இல் வகுத்த நெறிமுறையில், ஓடிபியை நாமே கொடுத்திருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போன பணம் நம் இழப்பு என்றும், தெரிவித்தபின் போனால் அது வங்கியின் பொறுப்பு என்றும் இருந்தது.