ஆபீசில் உண்மையில் யார் பேச்சு எடுபடுகிறது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

"பதவி ஒருத்தரிடம் இருக்கிறது, ஆனால் இன்னொருத்தர் தலையாட்டினால்தான் வேலை நடக்கிறது. அந்த இன்னொருத்தர் யார் என்று அறிவியல்பூர்வமாகக் கண்டுபிடிக்க முடியுமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். முடியும், அதற்குத் தேவை புள்ளிகளும் கோடுகளும்தான். ஆட்களைப் புள்ளியாக வைத்து, உறவுகளைக் கோடாக இழுத்தால் ஒரு வலைப்பின்னல் கிடைத்துவிடும். 1932-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற ஊரில் இருந்த பெண்கள் பயிற்சிப் பள்ளியிலிருந்து இரண்டே வாரத்தில் 14 பேர் ஓடிப்போனார்கள். ஜேக்கப் மொரேனோ என்ற மனநல மருத்துவர் அங்கே யார் யாரோடு பழகுகிறார்கள் என்று இப்படி வரைந்து பார்த்து, ஓடிப்போகும் எண்ணம் அந்தக் கோடுகள் வழியாகத்தான் பரவியது என்றார்.

சரி, படம் வரைந்தாயிற்று. இதில் யார் முக்கியம்? நிறைய கோடு உள்ளவர் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். அது பாதி உண்மை. மீதிப் பாதிதான் எனக்குப் பிடித்த இடம்.

டேவிட் கிராக்கார்ட் என்பவர் 1990-இல் பத்தே பேரை வைத்து ஒரு கற்பனை வலைப்பின்னல் போட்டார். பார்க்க வால் வைத்த காற்றாடி மாதிரி இருக்கும். உடல் பகுதியில் ஏழு பேர் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கிறார்கள், அவர்கள் நடுவே டயான் என்ற பெண்ணுக்கு மட்டும் 6 கோடுகள். உடலின் ஓரத்தில் இருக்கும் பெர்னாண்டோ, கார்த் என்ற இருவரோடு ஹெதர் இணைகிறார், ஹெதரிடமிருந்து ஐக், ஐக்கிடமிருந்து ஜேன் என்று வால் நீள்கிறது. ஹெதருக்கு மொத்தமே 3 கோடுகள்.

இப்போது வேறு மாதிரி எண்ணுவோம். எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அவர்களுக்கு இடையே இருக்கும் மிகக் குறுகிய பாதையைப் பாருங்கள். அந்தப் பாதை ஒருவர் வழியாகப் போனால் அவருக்கு ஒரு மதிப்பெண், சம நீளத்தில் பல பாதைகள் இருந்தால் மதிப்பெண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். லின்டன் ஃப்ரீமேன் என்ற சமூகவியலாளர் 1977-இல் முறைப்படுத்திய இந்த அளவுக்குப் பிட்வீன்னஸ் என்று பெயர். உடலில் இருக்கும் 7 பேரில் யாராக இருந்தாலும் ஐக்கிடமோ ஜேனிடமோ பேச ஹெதரைத் தாண்டித்தான் போக வேண்டும், ஆக 7 பெருக்கல் 2, ஹெதருக்கு 14. எல்லோருக்கும் வேண்டப்பட்ட டயானுக்கு? 4 கூட இல்லை! டயானின் நண்பர்களில் பலர் ஏற்கெனவே ஒருவருக்கொருவர் நண்பர்கள், அதனால் டயான் லீவு போட்டாலும் சேதி எப்படியாவது போய்ச் சேர்ந்துவிடும். ஹெதர் லீவு போட்டால் இரண்டு பேர் தீவாகிவிடுவார்கள். ஹெதரின் குணமோ திறமையோ இந்தக் கணக்கில் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள், நிற்கிற இடம்தான் எல்லாம். (மனிதர்களை 16 குண வகையாகப் பிரிக்கும் தேர்வுகளுக்குக் காசைக் கொட்டும் நிறுவனங்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம். அந்தத் தேர்வுக்கும் ராசிபலனுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிவதில்லை.)

கற்பனைப் படம் இருக்கட்டும், நிஜத்தில் கோடுகள் ஏதாவது சொல்லுமா? வெய்ன் சாக்கரி என்ற ஆய்வாளர் ஒரு பல்கலைக்கழகக் கராத்தே கிளப்பில் 34 பேரின் நட்பைப் பதிவு செய்துவந்தார். பயிற்சியாளருக்கும் கிளப் நிர்வாகிக்கும் கட்டண விஷயத்தில் சண்டை வந்து கிளப் இரண்டாக உடைந்தது. வலைப்பின்னல் எந்த இடத்தில் பலவீனமாக இருக்கிறது என்று கணக்குப் போட்டே யார் எந்தப் பக்கம் போவார்கள் என்று அவரால் சொல்ல முடிந்தது, ஒரே ஒருவரைத் தவிர. அந்த ஒருவருக்குக் கறுப்பு பெல்ட் தேர்வுக்கு மூன்றே வாரம் பாக்கி இருந்தது, அதனால் நட்பை ஓரங்கட்டிவிட்டுப் பயிற்சியாளரோடு போய்விட்டார்.

தரவு சேகரிப்பதுதான் தலைவலி. "வேலையில் சந்தேகம் வந்தால் யாரிடம் கேட்பீர்கள்?" என்று கேட்டால் ஒரு படம் வரும், "மனசில் இருப்பதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டால் அதே ஆபீசில் வேறொரு படம் வரும். யார் யாரைச் சொன்னார்கள் என்பதுதான் தரவே, அதனால் பெயர் இல்லாமல் பதில் வாங்கவும் வழியில்லை. ஹெதர் மாதிரி ஒருவரை மற்றவர்களும் சொல்லாமல், அவரும் படிவத்தை நிரப்பாமல் விட்டால் படமே தப்பாகிவிடும். ஈமெயில் போக்குவரத்தை எடுக்கலாம், ஆனால் நிறுவனங்கள் அதை வெளியே தருவதில்லை. ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தும் பெரிய தொகுப்பு என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்துடையது, சுமார் 150 பேரின் ஏறக்குறைய 5 லட்சம் ஈமெயில்கள். அதுவும் 2001-இல் கம்பெனி திவாலாகி விசாரணை நடந்ததால் பொதுவெளிக்கு வந்தது. ஆய்வுக்குத் தரவு வேண்டுமென்றால் ஒரு கம்பெனி கவிழ வேண்டும் என்ற நிலை எனக்குச் சகிக்கவில்லை. ஊழியர்களின் சம்மதத்தோடு, பெயரை மறைத்துக் கொடுக்க ஏற்பாடு செய்யலாமே.

இன்னொன்று, பிட்வீன்னஸ் கணக்கு, சேதி எப்போதும் மிகக் குறுகிய பாதையில்தான் போகும் என்று நம்புகிறது. வதந்திக்கு அந்த ஒழுக்கம் கிடையாது, சுற்றி வளைத்தும் போகும். அதனால் இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாருக்கும் பதவி உயர்வு தரவும் வேண்டாம், யாரையும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். அந்த எண் எவ்வளவு லேசில் சரியும் என்பதைக் கிராக்கார்டின் படத்திலேயே பார்க்கலாம். டயானையும் ஐக்கையும் ஒரு வேலையில் சேர்த்துப் போட்டு, அவர்களுக்கு இடையே ஒரே ஒரு கோட்டை இழுத்துவிட்டுத் திரும்ப எண்ணுங்கள். ஹெதரின் 14, 2 ஆகிவிடும்.