500 டாலரை வைத்து 1 லட்சம் யூரோ வாங்குகிறவர்களுக்கு

ஆடிட்டர் வேலையில் இருப்பதால் ஜூன், ஜூலையில் ரிட்டர்ன் போட வருகிறவர்களின் பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டியிருக்கிறது. இப்போதெல்லாம் அதில் அடிக்கடி கண்ணில் படுவது, யாரென்றே தெரியாத ஒரு தனிநபர் பெயருக்கு யுபிஐ-யில் போன பதினைந்தாயிரம், நாற்பதாயிரம். என்ன இது என்று கேட்டால் கொஞ்சம் தயங்கிவிட்டு "ஃபாரெக்ஸ், சார்" என்பார்கள், அதாவது ஆப்பில் வெளிநாட்டு கரன்சி வாங்கி விற்கும் டிரேடிங். போன பணம் திரும்பி வந்ததற்கான வரவு பெரும்பாலும் இருக்காது.

எப்படிப் போனது என்று கேட்டால் எல்லோரும் லெவரேஜைத்தான், அதாவது கையில் இருப்பதைவிடப் பல மடங்குக்கு வாங்கவிடும் வசதியைத்தான், திட்டுவார்கள். அது பாதிதான் உண்மை. நான் பார்த்த கணக்குகளில் பணம் போனதற்கு நேரடிக் காரணம், ஆர்டர் போடும்போது வால்யூம் என்ற கட்டத்தில் அவர்களே தட்டிய எண். விலை வரைபடத்தைப் படிக்கச் சொல்லித்தரும் கேண்டில் பேட்டர்ன் வீடியோக்களை விடிய விடியப் பார்க்கிறவர்கள் அந்தக் கட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஒதுக்குவதில்லை.

கரன்சியில் ஸ்டாண்டர்ட் லாட் என்றால் 1,00,000 யூனிட். யூரோ-டாலர் ஜோடியில் 1.00 என்று தட்டினால் நீங்கள் 1 லட்சம் யூரோ வாங்குகிறீர்கள். 0.10 என்றால் 10,000 யூரோ, இது மினி. 0.01 என்றால் 1,000 யூரோ, இது மைக்ரோ. விலை நகர்வதை பிப் கணக்கில் சொல்வார்கள். யூரோ-டாலரில் நான்காவது தசம இடம் ஒரு பிப், அதாவது 1.1000 என்பது 1.1001 ஆனால் ஒரு பிப் (யென் ஜோடிகளில் மட்டும் இரண்டாவது தசம இடம்). ஒரு பிப் நகர்ந்தால் ஸ்டாண்டர்ட் லாட்டில் 10 டாலர், மினியில் 1 டாலர், மைக்ரோவில் 10 சென்ட். இந்த மூன்று எண்களைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லத் தெரியாதவர் ஆர்டர் போடக் கூடாது என்பேன். 1 என்பது பார்க்கச் சின்ன எண்ணாக இருக்கிறது, கணினியில் ஆர்டர் ஜன்னலைத் திறந்தால் பல நேரம் அந்த 1.00 தானாகவே நிரம்பி வேறு நிற்கும்.

சரி, 1 லட்சம் யூரோவுக்குப் பணம் ஏது? அங்கேதான் லெவரேஜ் வருகிறது. 1:500 என்றால், வாங்கும் மொத்த மதிப்பில் ஐந்நூறில் ஒரு பங்கை நீங்கள் காட்டினால் போதும். அந்த ஒரு பங்குதான் மார்ஜின். இதைக் கட்டணம் என்று நினைத்து "மார்ஜின் 220 டாலர் பிடிச்சுட்டான் சார்" என்று ஒருவர் என்னிடம் புகார் சொன்னார். புரோக்கர் பிடித்துக்கொள்ளவில்லை, வாடகை வீட்டு அட்வான்ஸ் மாதிரி ஒதுக்கி வைத்திருக்கிறான், டிரேடை மூடினால் விடுவிப்பான். ஆனால் நஷ்டம் அந்த 220-இன் மீது கணக்கிடப்படுவதில்லை, முழு 1 லட்சம் யூரோ மீது கணக்கிடப்படுகிறது. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான ஸ்ப்ரெட்டும், டிரேடை இரவு தாண்டி வைத்திருந்தால் விழும் ஸ்வாப்பும்கூட முழு மதிப்பின் மீதுதான்.

அதே ஆளின் கணக்கையே எடுத்துக்கொள்வோம், எண்களை மட்டும் சுற்றிச் சொல்கிறேன். கணக்கில் 500 டாலர், லெவரேஜ் 1:500. யூரோ-டாலர் 1.1000-இல் 1.00 லாட் வாங்குகிறார். மொத்த மதிப்பு 1,10,000 டாலர், மார்ஜின் 220. ஸ்ப்ரெட் ஒன்றரை பிப் என்று வைத்துக்கொண்டால் வாங்கிய நொடியிலேயே 15 டாலர் மைனஸ், போட்ட பணத்தில் 3 சதவீதம் காலி. ஆப்பின் டிரேட் பக்கத்தில் மேலே சில வரிகள் ஓடும்: பேலன்ஸ், ஈக்விட்டி, மார்ஜின், ஃப்ரீ மார்ஜின், மார்ஜின் லெவல். பேலன்ஸ் 500 என்றே நிற்கும், டிரேடை மூடும் வரை அது அசையாது. நம் ஆட்கள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பார்க்க வேண்டியது ஈக்விட்டியை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் லாப நஷ்டத்தையும் சேர்த்து இந்த நொடி கையில் உள்ளதை. அதை மார்ஜினால் வகுத்து நூறால் பெருக்கினால் மார்ஜின் லெவல்.

விலை 28 பிப் கீழே போனால் ஈக்விட்டி 220-க்கு வந்துவிடும், லெவல் 100 சதவீதம். புதிதாக எதையும் திறக்க முடியாது, இதைத்தான் மார்ஜின் கால் என்பார்கள். பெயர்தான் கால், யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். 39 பிப் போனால், அதாவது 1.0961-க்கு வந்தால், ஈக்விட்டி 110, லெவல் 50 சதவீதம். ஸ்டாப் அவுட் அளவு 50 என்று வைத்திருக்கும் கணக்கில் சர்வரே டிரேடை மூடிவிடும். 390 டாலர் போச்சு. யூரோவின் மதிப்பு குறைந்தது சுமார் 0.35 சதவீதம்தான், யூரோ-டாலருக்கு அது ஒரு சாதாரண மத்தியானத்தின் அசைவு. மாலையில் விலை மறுபடி ஏறி, அவர் நினைத்த திசையிலேயே போயிருந்தாலும் அவர் அதில் இல்லை.

இப்போது அதே கணக்கு, அதே 1:500, ஆனால் கட்டத்தில் 0.01 என்று தட்டியிருந்தால்? அதே 39 பிப்புக்கு நஷ்டம் 3 டாலர் 90 சென்ட். லெவரேஜ் மாறவே இல்லை, பாருங்கள். புரோக்கர் தரும் லெவரேஜ் எவ்வளவு பெரிய லாட் வரை திறக்கலாம் என்பதற்கான உச்சவரம்பு, அவ்வளவுதான். உங்களுடைய உண்மையான லெவரேஜ் என்பது, எடுத்த லாட்டின் மொத்த மதிப்பை ஈக்விட்டியால் வகுத்தால் வருவது. முதல் கதையில் 220 மடங்கு, இரண்டாவதில் 2.2 மடங்கு. அதற்காக 1:500 நல்லது என்று சொல்ல வரவில்லை. 1:100 ஆக இருந்திருந்தால் 1 லாட்டுக்கு 1,100 டாலர் மார்ஜின் கேட்டிருக்கும், அவரால் அந்த ஆர்டரைப் போட்டிருக்கவே முடியாது.

லாட்டைத் தீர்மானிக்கும் முறை தலைகீழானது. முதலில் இந்த டிரேடில் எவ்வளவு போனால் பரவாயில்லை என்று முடிவு செய்ய வேண்டும். 500-இல் ஒரு சதவீதம், 5 டாலர். ஸ்டாப் லாஸை (நஷ்டம் இவ்வளவு ஆனால் டிரேடைத் தானாக மூடச் சொல்லி வைக்கும் விலையை) 50 பிப் தள்ளி வைப்பதாக இருந்தால் ஒரு பிப்புக்கு 10 சென்ட், அதாவது 0.01 லாட். "இதில் என்ன சார் லாபம் வரும்" என்று உடனே கேட்பார்கள். ஒன்றும் பெரிதாக வராது, 500 டாலருக்கு வர வேண்டிய லாபம் அவ்வளவுதான்.

ஸ்டாப் லாஸ் போட்டாலும் அந்த விலையில் வெளியே வருவோம் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, யூரோவின் விலை 1.20 ஃபிராங்குக்குக் கீழே போகாமல் 2011-லிருந்து காத்துவந்த வரம்பை முன்னறிவிப்பு இல்லாமல் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. இடையில் வாங்க ஆளே இல்லாததால் போட்டு வைத்த ஸ்டாப் லாஸ்கள் எங்கேயோ கீழே போய் நிறைவேறின. எஃப்எக்ஸ்சிஎம் என்ற புரோக்கர் நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் போட்டதையெல்லாம் இழந்ததோடு சுமார் 22.5 கோடி டாலர் கடனிலும் நின்றார்கள், ஆல்பாரி என்ற இன்னொரு புரோக்கரின் பிரிட்டன் கிளை திவாலானது.

ஐரோப்பாவில் 2018-இல் சில்லறை வாடிக்கையாளருக்கு முக்கிய ஜோடிகளில் லெவரேஜ் 30 மடங்குதான் உச்சம் என்று கட்டுப்படுத்தினார்கள், கணக்கு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது என்றும் விதித்தார்கள். அப்போது ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பு சொன்ன காரணம்: சில்லறைக் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருக்கின்றன. அமெரிக்காவில் முக்கிய ஜோடிகளுக்கு 50 மடங்கு, ஜப்பானில் 25. இந்த நாடுகளிலெல்லாம் தர அனுமதிக்காத 500-ஐயும் 1000-ஐயும் ஒருவன் டெலிகிராமில் வந்து உங்களுக்குத் தருகிறான் என்றால், அவன் இந்த நாடுகளின் சட்டத்துக்குக் கட்டுப்படாமல் அதைத் தருகிறான் என்று அர்த்தம்.

நம் ஊர் சட்டத்துக்கு வருவோம். இந்தியாவில் வசிப்பவர் இப்படி வெளிநாட்டு ஆப்பில் கரன்சி டிரேட் செய்வது ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்துக்கு விரோதம். தனிநபர் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கும் எல்ஆர்எஸ் திட்டத்தில் வருடத்துக்கு 2.5 லட்சம் டாலர் அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம், ஆனால் மார்ஜினுக்கோ மார்ஜின் காலுக்கோ அனுப்பக் கூடாது என்று அதிலேயே இருக்கிறது. மாட்டினால் சம்பந்தப்பட்ட தொகையைப் போல மூன்று மடங்கு வரை அபராதம் வரலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் 34 பெயர்களோடு வெளியிட்டது, பிறகு அது இரண்டு மடங்குக்கு மேல் நீண்டுவிட்டது. பட்டியலில் இல்லாததால் ஒரு தளம் அனுமதி பெற்றதாக ஆகிவிடாது.

அனுமதி உள்ள வழி என்.எஸ்.இ. போன்ற எக்ஸ்சேஞ்ச்களின் கரன்சி பிரிவு. அங்கே டாலர்-ரூபாயில் ஒரு லாட் 1,000 டாலர், விலை 10 பைசா நகர்ந்தால் 100 ரூபாய். ஆனால் 2024 மே மாதத்திலிருந்து, ரூபாய் சம்பந்தப்பட்ட ஒப்பந்தங்களில் உண்மையான அந்நியச் செலாவணி வரவு செலவு உள்ளவர்தான் வாங்கவோ விற்கவோ செய்யலாம் என்பதில் ரிசர்வ் வங்கி கறாராகிவிட்டது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை, ஆனால் வரவு செலவு இருந்தே ஆக வேண்டும். திருப்பூரில் பனியன் ஏற்றுமதி செய்து மூன்று மாதம் கழித்து டாலர் வரப்போகிறவருக்கு இது பொருந்தும். சும்மா ஏறுமா இறங்குமா என்று பார்க்கிறவருக்குப் பொருந்தாது.

ஏற்கெனவே பணம் போட்டுவிட்டவர்கள் ஆப்பில் தெரியும் லாபத்தை நம்பி மேலும் போடாமல், முதலில் ஒரு சின்னத் தொகையை எடுத்துப் பாருங்கள். வந்தால் மிச்சத்தையும் எடுத்துவிடுங்கள். வராவிட்டால் ஸ்கிரீன்ஷாட், யுபிஐ ரெஃபரன்ஸ் எண், பேசிய சாட் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள். "லாபத்தில் 20 சதவீதம் வரி கட்டினால்தான் பணத்தை விடுவிப்போம்" என்று ஆப்புக்காரன் சொன்னால் ஒரு பைசா கட்டாதீர்கள். வருமான வரியை நீங்கள் உங்கள் பான் எண்ணில், வரித்துறையின் போர்ட்டலில் சலான் போட்டுக் கட்டுவீர்கள். எவன் பெயரிலோ இருக்கும் சேமிப்புக் கணக்குக்கு ஜிபே செய்து வரி கட்டிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை.