சுருதி: கட்டையா, அலகா, ஒத்தா?

கொடைக்கானலில் மார்கழி மாதப் பாட்டு வகுப்பு என்றால் பாதி நேரம் தம்புராவோடு மல்லுக்கட்டுவதிலேயே போய்விடும். சாயங்காலம் மூடுபனி இறங்கியதும் கம்பி குளிரில் சுருங்கி இறுகும்; ஓசை ஏறும். புல்லாங்குழலுக்கு நேர் எதிர். காற்று ஒரு டிகிரி குளிர்ந்தால் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 0.6 மீட்டர் குறைகிறது, குழல் இறங்கிப் பேசுகிறது. ஊதி ஊதிச் சூடேற்றினால்தான் வழிக்கு வரும்.

"சுருதி சேரலை, இரு" என்று தம்புராக் கம்பியை முறுக்கும் பிருடையைத் திருகிக்கொண்டிருந்தேன். புதிதாகச் சேர்ந்த பையன் கேட்டான்: "டீச்சர், நாலரைக் கட்டை சுருதின்னீங்களே, அது விறகுக் கட்டையா?" குளிருக்கு அடுப்பு மூட்டும் ஊர்; அவனுக்கு வேறென்ன கட்டை நினைவுக்கு வரும்?

சுருதி வடசொல். 'ச்ரு' என்றால் கேட்பது, கேட்கப்படுவது சுருதி. காதால் கேட்டே கற்றதால் வேதத்துக்கும் அதே பெயர். தமிழில் இதற்கு நேரான சொல் 'கேள்வி'. வேதத்தையும் கேள்வி என்றார்கள், இசையையும் சொன்னார்கள். பொருநராற்றுப்படையில் யாழ் நரம்பைப் பற்றிப் பேசும் இடத்தில் 'கேள்வி போகிய' என்று வருகிறது. அங்கே கேள்வி என்பது செவியால் தேரும் சுருதிதான். அழகான சொல். ஆனால் இன்றைக்கு "கேள்வி சேரவில்லை" என்று பிள்ளைகளிடம் சொன்னால் பரீட்சைத் தாள் என்று நினைப்பார்கள். பேச்சிலோ சுருதி எப்போதோ 'சுதி' ஆகிவிட்டது. "சுதி ஏத்திட்டு வந்திருக்கான்" என்றால் அதற்கும் சங்கீதத்துக்கும் சம்பந்தமே இல்லை!

குழப்பம் எங்கே என்றால், இந்த ஒரே சொல் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, சுரங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளக்கும் சிறு அளவு. இதற்குத் தமிழில் 'அலகு' என்ற சொல் கச்சிதமாக இருக்கிறது. ஏழு சுரங்களுக்கும் பழந்தமிழ்ப் பெயர் சொல்லி, குரல் 4, துத்தம் 4, கைக்கிளை 3, உழை 2, இளி 4, விளரி 3, தாரம் 2 என்று பழைய இசைத்தமிழ்க் கணக்கு, கூட்டினால் 22. இல்லை, 24தான் என்று 1917-இல் வெளிவந்த 'கருணாமிர்த சாகரம்' என்ற இசை நூலில் இசை ஆய்வாளர் ஆபிரகாம் பண்டிதர் வாதாடினார். ஆரம்பத்தில் பாடப் பழகுகிறவர்கள் இந்த வழக்குக்குள் போகவேண்டாம்.

அவர்களுக்கு வேண்டியது இரண்டாவது பொருள்: பாட்டு முழுக்கக் கூடவே ஒலிக்கும் ஆதார ஓசை. ச, ப, மேல் ச. பாடுகிறவர் எங்கே சுற்றினாலும் வந்து நிற்கிற இடம் அதுதான். அந்த ஓசை எவ்வளவு உயரம் என்பதைத்தான் கட்டையில் சொல்கிறோம். கட்டை என்றால் ஆர்மோனியத்தில் விரல் வைக்கும் கட்டை. வெள்ளைக் கட்டைகள் ஒன்று முதல் ஏழு வரை, நடுவே கறுப்பு வந்தால் அரை. நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே இருப்பது நாலரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு கிடையாது, அதனால் மூன்றரைக் கட்டை என்று யாரும் பாடுவதில்லை. ஆர்மோனியம் பிரான்ஸில் 1840களில் உருவான கருவி. ஆக, கட்டை தமிழ்ச் சொல்தான் என்றாலும் இந்தப் பொருளில் அதற்கு வயது அதிகமில்லை.

சரி, ஆதார சுருதிக்குத் தமிழ்ப் பெயர்? என்னைக் கேட்டால் 'ஒத்து'. நாகசுரக்காரர் பக்கத்தில் நின்று ஒரே ஓசையை விடாமல் ஊதுகிற குழலுக்கு அதுதான் பெயர். ஒத்துப்போவது என்ற வினையிலிருந்து வந்தது. 'ஒத்து ஊதுகிறான்' என்று நாம் கேலி செய்வதும் இதை வைத்துத்தான். கேலிக்கு ஆளான ஒரே காரணத்துக்காகவா நல்ல சொல்லை விடுவது?

பையனிடம் இதைச் சொன்னேன். வாசிக்கிறவர் ராகத்தில் எங்கே போனாலும் இவர் இடையில் மூச்சு அறாமல் அந்த ஒரே ஓசையைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும், இப்போது அந்த வேலையைச் சுருதிப் பெட்டி எடுத்துக்கொண்டது என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"அவருக்கு போரடிக்காதா டீச்சர்?"

அதற்குள் தம்புரா மறுபடியும் ஏறியிருந்தது.