சின்டெனி: ஒருபுரிமையா, வரிசைக்காப்பா?

சின்டெனி (synteny) என்ற மரபியல் சொல்லைத் தமிழில் எப்படிச் சொல்வது? அதற்கு இரண்டு பொருள் இருப்பதுதான் சிக்கல். வேரிலிருந்து தொடங்கலாம். கிரேக்கத்தில் 'சின்' என்றால் உடன், 'டைனியா' என்றால் நாடா. நாடாப்புழுவின் அறிவியல் பெயரான டீனியாவிலும் இருப்பது இதே சொல்தான். ஆக, சின்டெனி என்பதன் நேர்ப்பொருள் ஒரே நாடாவில் உடனிருத்தல். இங்கே நாடா என்பது குரோமோசோம், அதாவது நிறப்புரி.

1971-இல் மரபியலாளர் ஜான் ரென்விக் இச்சொல்லை உருவாக்கியதற்குக் காரணம் உண்டு. இரண்டு மரபணுக்கள் ஒரே நிறப்புரியில் வெகு தொலைவில் இருந்தால், குறுக்கேற்றம் (இனச்செல்கள் உருவாகும்போது இணை நிறப்புரிகள் துண்டுகளை மாற்றிக்கொள்வது) அவற்றைப் பாதிக்குப் பாதி பிரித்துவிடும். சந்ததிகளை எண்ணிப் பார்த்தால் வெவ்வேறு நிறப்புரிகளில் இருப்பவை போலவே தெரியும். அதைப் 'பிணைப்பு' (மரபணுக்கள் பெரும்பாலும் சேர்ந்தே சந்ததிக்குப் போவது) என்று சொல்ல முடியாது. ஆனால் இரண்டும் ஒரே நாடாவில் இருப்பது உண்மை. அந்த நிலைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது.

பிறகு பொருள் நகர்ந்துவிட்டது. ஈஸ்ட் மரபணுத்தொகுதிகளை ஒப்பிடுவோர் இன்று சின்டெனி என்பது, இரண்டு இனங்களில் ஒத்த மரபணுக்கள் அதே வரிசையில் அமைந்திருப்பதை. முதல் பொருளில் வரிசைக்கே இடமில்லை. இரண்டாவதில் வரிசைதான் உயிர்.

அந்த வரிசை எவ்வளவு பேசும் என்பதற்கு ரொட்டி ஈஸ்டைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. அதன் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. அதன் 16 நிறப்புரிகளின் டி.என்.ஏ.வும் 1996-க்குள் படிக்கப்பட்டது. அந்த ஈஸ்டின் முன்னோரில் மரபணுத்தொகுதி முழுவதும் ஒருமுறை இரட்டித்தது என்று ஆய்வாளர்கள் கென் வுல்ஃபும் டெனிஸ் ஷீல்ட்ஸும் 1997-இல் முன்வைத்தார்கள். பலர் ஏற்கவில்லை. இரட்டித்த பிரதிகளில் பெரும்பாலானவை அழிந்து, இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 550 இணைகளே. 2004-இல், இரட்டிப்புக்கு முன்பே பிரிந்துபோன க்ளுய்வெரோமைசிஸ் வால்டி என்ற இன்னொரு ஈஸ்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது.

வால்டியின் ஒரு துண்டில் 1 முதல் 9 வரை மரபணுக்கள் இருப்பதாகக் கொள்வோம். செரிவிசியேவின் ஒரு நிறப்புரியில் 1, 3, 4, 7, 9. இன்னொன்றில் 2, 4, 5, 6, 8. இவ்விரண்டை மட்டும் ஒப்பிட்டால் பொதுவாக இருப்பது 4 ஒன்றுதான். உறவு இருப்பதாகவே தோன்றாது. வால்டியின் துண்டை நடுவில் வைத்தால் இரு கை விரல்களைக் கோத்ததுபோல் இரண்டும் பொருந்தும். வால்டியின் 8 நிறப்புரி மையங்களில் (சென்ட்ரோமியர்) ஒவ்வொன்றுக்கும் செரிவிசியேவில் இரண்டு மையங்கள் நேர்நிற்கின்றன.

வரிசையை ஒப்பிடும் வேலை முறை இதுதான்: இரண்டு இனங்களின் புரதங்களையும் கணினியில் ஒன்றோடொன்று தேடவிட்டு, இரு பக்கமும் மிக ஒத்ததாக முதலிடத்தில் வரும் இணைகளை எடுத்து, நிறப்புரியில் அவற்றின் இடப்படி அடுக்க வேண்டும். சறுக்குவது பெரும்பாலும் முதல் படியில். இரட்டிப்புக்குப் பின் ஓரினம் ஒரு பிரதியையும் மற்ற இனம் எதிர்ப்பிரதியையும் இழந்திருந்தால், மிஞ்சிய இரண்டும் தேடலில் கச்சிதமான இணையாக வரும். உண்மையில் அவை இரட்டிப்பு நாளிலேயே பிரிந்தவை. அண்டை மரபணுக்களைப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். நிறப்புரி முனைகளை ஒட்டிய பகுதிகளில் வரிசை விரைவாகக் கலைவதால் அங்கே கிடைக்கும் பொருத்தங்களை நம்பக் கூடாது. டி.என்.ஏ.வைப் படிக்கும் வேலை துண்டுதுண்டாக முடிந்திருந்தால், துண்டின் முடிவைப் பரிணாம முறிவு என்று எண்ணிவிடுவதும் உண்டு.

இனி தமிழ்ச் சொல். இரண்டு பொருளுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் அதே குழப்பம் தமிழுக்கும் வரும். ரென்விக்கின் பொருளுக்கு 'ஒருபுரிமை' பொருந்தும். முப்புரி நூல் என்கிறோமே, அந்தப் புரிதான். நிறப்புரியிலும் அது இருக்கிறது, கிரேக்க நாடாவுக்கும் நெருக்கம். இலங்கைப் பாடநூல்களின் 'நிறமூர்த்தம்' பழகியவர்களுக்கு 'ஒருநாடாமை' எளிதாக இருக்கலாம். வரிசை பற்றிய பொருளுக்கு 'வரிசைக்காப்பு'. வால்டியில் கண்டது 'இரட்டை வரிசைக்காப்பு'.

'80 விழுக்காடு ஒருபுரிமை' என்று எழுதக் கூடாது. இரண்டு மரபணுக்கள் ஒரே புரியில் இருக்கும், அல்லது இராது. விழுக்காடு சொல்ல வேண்டுமானால் அது வரிசைக்காப்புக்கே, அதுவும் எத்தனை மரபணு இடைவெளியை அனுமதித்துக் கணக்கிட்டது என்பதோடு.