கொந்தளிப்பு எங்கே தொடங்கும் என்று மென்பொருளுக்கு யார் சொன்னது?

காற்றோட்டத்தைக் கணினியில் கணிக்கும் சிஎஃப்டி மென்பொருள் ஒன்றைத் திறந்து, ஒரு இறக்கையின் வடிவத்தைக் கொடுத்து, எல்லோரும் வழமையாகத் தெரிவு செய்யும் கே-ஒமேகா எஸ்எஸ்டி என்ற கொந்தளிப்பு மாதிரியில் ஓடவிடுங்கள். இறக்கையின் முன்விளிம்பைத் தொட்ட சற்று நேரத்திலேயே காற்று கொந்தளிக்கத் தொடங்கிவிட்டது என்று அது எடுத்துக்கொள்ளும். நீங்களும் கேட்டிருக்கமாட்டீர்கள், அதுவும் சொல்லாது. வருகிற படம் மட்டும் நீலமும் சிவப்புமாக நல்ல வடிவாக இருக்கும்.

காற்றோட்டக் கணிப்பில் பிழைக்கிறவன் நான். கிளிநொச்சியில் இருந்தே வேலை. அறிவியல்நகரில் பொறியியல் பீடம் இருப்பதால் இறுதியாண்டுப் பிள்ளைகள் லாப்டொப்போடு வந்து படம் காட்டுவதுண்டு. வயலுக்கு மருந்தடிக்கும் ட்ரோனின் விசிறி, வீட்டுக் கூரைக்குச் சின்னக் காற்றாலை என்று நல்ல யோசனைகள்தான். ஆனால் இவை எல்லாவற்றிலும் சீரான பாய்ச்சல் எந்த இடத்தில் குழம்புகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. அந்த இடத்தைப் படம் தானாகக் கண்டுபிடித்துத் தந்ததாகப் பலர் நம்புகிறார்கள்.

ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் போகும் ஒரு பஸ்ஸை எடுப்போம். அதன் கூரைக்கு மேலே ஒரு கண்ணாடித் தட்டைக் காற்றுக்கு விளிம்பு காட்டிப் பொருத்தியிருக்கிறோம் என்று வையுங்கள். செக்கனுக்கு ஏறத்தாழ 19 மீற்றர் வேகம். வேகத்தையும் தூரத்தையும் பெருக்கிக் காற்றின் பிசுக்குமையால் வகுத்தால் வருவது ரெனோல்ட்ஸ் எண். அது 5 இலட்சத்தை எட்டும்போது தட்டின் மேல் பாய்ச்சல் குழம்பும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. காற்றின் பிசுக்குமையைப் போட்டுப் பார்த்தால், விளிம்பிலிருந்து 40 சென்ரிமீற்றர் வரும். சரி, ஆனால் அந்த 5 இலட்சம் ஒரு சட்டமல்ல. வருகிற காற்றே கலங்கியிருந்தால் 3 இலட்சத்திலும் குழம்பிவிடும். காற்று அமைதியாகவும் தட்டு வழுவழுப்பாகவும் இருந்தால் 30 இலட்சம் வரை தாங்கும். அதே பஸ், அதே தட்டு. ஒரு சாணிலும் குழம்பலாம், ஒரு ஆள் உயரத்தைத் தாண்டியும் சீராகப் போகலாம்.

1883இல் மான்செஸ்டரில் கண்ணாடிக் குழாய்க்குள் சாயக் கோடு விட்டுப் பார்த்த ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸே இதைக் கவனித்திருந்தார். தொட்டித் தண்ணீரை எவ்வளவு அமைதியாக வைத்தாரோ, அவ்வளவுக்கு அந்தக் கோடு உடையாமல் போனது. பிறகு 1929இல் டோல்மீனும் 1933இல் ஷ்லிக்டிங்கும், பரப்பை ஒட்டிய மெல்லிய எல்லைப்படைக்குள் கண்ணுக்குத் தெரியாத சிற்றலைகள் எழுந்து வளரும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பலர் நம்பவில்லை. அன்றைய காற்றுச் சுரங்கங்களின் இரைச்சலில் அந்த அலைகளைப் பார்க்க முடியாமல் இருந்ததுதான் காரணம். 1940களில் ஷூபவரும் ஸ்கிராம்ஸ்டாட்டும் மிக அமைதியான ஒரு சுரங்கத்தில் சோதித்தபோதுதான் அவை வெளியே தெரிந்தன. அலை வளர்ந்து, முறுகி, அங்கங்கே கொந்தளிப்புத் திட்டுகளாகி, அந்தத் திட்டுகள் பரவி ஒன்றோடொன்று சேரும். அதற்குப் பிறகு முழுக்கக் கொந்தளிப்புத்தான்.

இதைக் கணினிக்குள் கொண்டுவரும்போது சிக்கல் வேறு மாதிரி வருகிறது. ஒரு தம்பி கொந்தளிப்பு மாதிரி எதுவும் போடாமல் நேரடியாகவே சமன்பாட்டைத் தீர்த்துக்கொண்டு வந்தார்.

“அண்ணை, மெஷ்ஷை நல்லாச் சின்னதாக்கித்தான் போட்டனான். கடைசி மட்டும் சீராத்தான் போகுது.”

“உள்ளுக்கு வாற காத்தில என்ன குழப்பம் குடுத்தனீர்?”

“ஒண்டும் குடுக்கேல்லை.”

குழப்பத்தின் விதை இல்லாமல் அலை எங்கிருந்து வளரும்? நிஜக் காற்றில் விதை எப்போதும் இருக்கிறது: தூசி, ஒலி, அதிர்வு, பரப்பின் சொரசொரப்பு. கணினியில் அதை நாங்கள்தான் போடவேண்டும். எவ்வளவு போடுகிறோம், எந்த அதிர்வெண்ணில் போடுகிறோம் என்பதைப் பொறுத்துக் குழம்பும் இடமும் முன்னே பின்னே நகரும். இன்னொரு வில்லங்கமும் உண்டு. கணக்கு வெடித்துவிடாமல் இருக்க மென்பொருள் தானாகவே சேர்க்கும் எண்முறைத் தேய்மானம், அதாவது நிஜத்தில் இல்லாத ஒரு செயற்கை உராய்வு, அந்தச் சிற்றலைகளை முளையிலேயே அமுக்கிவிடும். படம் சீராகத் தெரிவதாலேயே பாய்ச்சலும் சீர் என்று சொல்லிவிட முடியாது.

ஒலியின் வேகத்தைப் பல மடங்கு தாண்டும்போது இது இரட்டிப்புத் தலையிடி. அங்கே அதிர்ச்சி அலைகள் வருகின்றன. அவற்றைப் பிடிக்கத் தேய்மானம் கூடிய கணிப்பு முறை வேண்டும், சிற்றலைகளைக் காப்பாற்றத் தேய்மானம் குறைந்த முறை வேண்டும். இரண்டும் ஒரே படத்துக்குள். மாக் எண், அதாவது ஒலியின் வேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 4ஐத் தாண்டியதும் இன்னொரு வகை அலை தலைதூக்கும். லெஸ்லி மாக் (மாக் எண்ணுக்குப் பெயர் கொடுத்தவர் அல்ல, வேறொருவர்) கணித்துச் சொன்ன ‘இரண்டாம் முறை’ அது. சுவருக்கு அருகே சிக்கிக்கொண்டு முன்னும் பின்னும் எதிரொலிக்கும் ஒலி அலை. செக்கனுக்கு இலட்சக்கணக்கான தடவை துடிக்கும். வேடிக்கை என்னவென்றால், சுவரைக் குளிரவைத்தால் டோல்மீன், ஷ்லிக்டிங் சொன்ன பழைய வகை அலை அடங்கும், இந்தப் புதியது இன்னும் துள்ளும். குறைந்த வேகத்தில் பழகிய கையோடு அங்கே போகிறவர்கள் இதில்தான் அடிபடுகிறார்கள். சோதனைக் கூடமும் உடனே கைகொடுக்காது, ஏனென்றால் சாதாரண மேலொலிச் சுரங்கத்தின் சுவர்களே கொந்தளித்து இரைச்சல் போட்டு, வானத்தில் நடப்பதைவிட முன்கூட்டியே பாய்ச்சலைக் குழப்பிவிடும்.

இதெல்லாம் ஏட்டுக் கவலை இல்லை. மிகை வேகத்தில் கொந்தளிக்கும் எல்லைப்படை, சீரானதைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பரப்புக்குள் ஏற்றும். 2005 ஓகஸ்டில் டிஸ்கவரி விண்ணோடத்தின் அடிவயிற்றில், ஓடுகளுக்கு நடுவே செருகியிருந்த இடைநிரப்பித் துண்டுகள் இரண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. நீட்டம் இரண்டரைச் சென்ரிமீற்றர் அளவுதான். திரும்பி வரும்போது அவை பாய்ச்சலை முன்கூட்டியே குழப்பினால் எவ்வளவு சூடேறும் என்று நாசாவின் பொறியியலாளர்களால் உறுதியாகக் கணித்துச் சொல்ல முடியவில்லை. ஸ்டீபன் ரொபின்சன் வெளியே போய்க் கையாலேயே அவற்றை இழுத்து எடுத்தார். அவ்வளவு கணினிகள் இருந்த இடத்திலேயே அந்த நிலை.

எங்கள் பக்கத்துக்கு வந்தால், மன்னார்த் தீவின் தென்கரையில் 2020 டிசெம்பரில் திறக்கப்பட்ட காற்றாலைத் தொகுதியில் 30 கோபுரங்கள் நிற்கின்றன. சோளகம் வீசும் மாதங்களில் இப்படிப்பட்ட இறக்கைகளின் நுனிப்பகுதி செக்கனுக்கு 70 மீற்றர் வேகத்தில் காற்றைக் கிழிக்கிறது என்று வையுங்கள். அகலம் ஒரு மீற்றராக உள்ள இடத்தில் ரெனோல்ட்ஸ் எண் 46 இலட்சம் அளவில் வரும். இவ்வகை இறக்கைகளை முன்பகுதியில் கொஞ்சத் தூரமாவது சீரான பாய்ச்சல் நிற்கும்படிதான் வடிவமைப்பார்கள். பூச்சியும் உப்பும் புழுதியும் முன்விளிம்பில் ஒட்டினால் அங்கேயே குழம்பி, தூக்குவிசை குறையும், இழுவை கூடும், மின்சாரமும் குறையும். முன்விளிம்பிலிருந்தே கொந்தளிப்பு என்று வைத்த கணிப்போ துப்பரவான இறக்கைக்கும் அழுக்கான இறக்கைக்கும் பெரிய வித்தியாசம் காட்டாது. அந்தப் படத்தை வைத்து இறக்கையைக் கழுவத் தேவையில்லை என்று ஒருவர் முடிவெடுத்தால் நட்டம் அவருக்குத்தான்.

ஆகவே யாராவது வண்ணப்படம் கொண்டுவந்து சாமான் விற்க வந்தால், நிலைமாற்றம், அதாவது சீரான பாய்ச்சல் கொந்தளிப்பாக மாறும் இடம், எங்கே வைத்தீர்கள், உள்ளே வரும் காற்றின் கலக்கம் எத்தனை வீதம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் காசு கொடுக்க அவசரப்படவேண்டாம். பிள்ளைகளுக்கு இறக்கை வெட்டுமுகங்களைக் கணிக்கும் எக்ஸ்ஃபொயில் என்ற மென்பொருள் இருக்கிறது. எம்ஐடியின் மார்க் டிரேலா 1986இல் எழுதியது, இலவசம், பழைய லாப்டொப்பிலும் கண் இமைக்கும் நேரத்தில் ஓடும். மேலொலி வேகத்துக்கு அது உதவாது, ஆனால் பழக அதைவிட நல்லது இல்லை. அதில் காற்றின் கலக்கத்தைக் குறிக்கும் என்-கிரிட் என்ற எண் (எண் குறையக் கலக்கம் கூடும்) சும்மா விட்டால் 9ஆக நிற்கும். ஒரே இறக்கைக்கு முதலில் 9, அப்புறம் 4 என்று வைத்து ஓட்டி, குழம்பும் இடமும் இழுவையும் எவ்வளவு மாறுகின்றன என்று ஒரே வரைபில் போட்டுப் பாருங்கள். ஓபன்ஃபோம் என்ற பெரிய சிஎஃப்டி மென்பொருளில் நிலைமாற்ற மாதிரியைத் தொடுவதெல்லாம் அதற்குப் பிறகு.