பெட்டியில் ஒட்டிய பூ ஏன் கருத்துப் போகிறது?

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளைச் சுற்றினால் மரப்பெட்டிகளுக்குப் பஞ்சமே இல்லை. பித்தளைப் பட்டை அடித்த பர்மாத் தேக்குப் பெட்டி அமைந்தால் துடைத்து அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதன்மேல் பெயின்ட் அடிப்பது பாவம். பாலிஷ் போய், கீறல் விழுந்து, யாரும் சீண்டாமல் கிடக்கும் சாதாரணத் தேக்குக் கைப்பெட்டிதான் நம் வேலைக்கு ஏற்றது. பெயின்ட் அடித்து, வெட்டிய காகிதப் படங்களை ஒட்டி, மேலே வார்னிஷ் பூசும் இந்த வேலைக்கு டெகூபாஜ் என்று பெயர். கிழக்காசிய லாக்கர் (மரப்பிசினால் பளபளப்பாகப் பூசிய) சாமான்களை விலை கொடுத்து வாங்க முடியாதவர்களுக்காக 18ஆம் நூற்றாண்டு வெனிஸில் செழித்த கலை இது.

செய்து பார்த்தவர்கள் வழக்கமாகச் சொல்லும் புகார்கள் இரண்டு. ஒட்டும்போது பளிச்சென்று இருந்த ஆத்தங்குடித் தரைக்கல் பூவின் படம், வார்னிஷ் பட்டதும் கருத்துவிட்டது. அப்புறம், காகிதம் சுருங்கிக் கொப்புளம் கட்டிவிட்டது.

முதல் புகாருக்குக் காரணம் ஒளி. காகிதத்தில் இருக்கும் செல்லுலோஸ் நாருக்கு நிறமே கிடையாது. நார்களுக்கு நடுவே காற்று இருக்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளையும் என்பதைச் சொல்வது ஒளிவிலகல் எண். காற்றுக்கு அது 1, செல்லுலோஸுக்குச் சுமார் 1.5. இந்த வித்தியாசத்தால் ஒளி ஒவ்வொரு நாரிலும் திசை மாறிச் சிதறித் திரும்புகிறது. அதைத்தான் வெள்ளை என்று பார்க்கிறோம். வார்னிஷின் எண்ணும் ஏறக்குறைய 1.5தான். அது ஊறிக் காற்றை வெளியேற்றிவிட்டால் சிதற இடமில்லை. ஒளி நேரே உள்ளே போகிறது, அடியில் இருக்கும் தேக்கின் பழுப்பு மேலே தெரிகிறது. கந்தரப்பம் வைத்த காகிதத்தில் எண்ணெய் ஊறிய இடம் கண்ணாடியாகத் தெரிவதும் இதனால்தான்.

ஆகவே படம் வரும் இடத்தில் முதலில் வெள்ளை பெயின்ட் அடித்துக் காயவிட வேண்டும். வெள்ளை பெயின்டில் உள்ள டைட்டானியம் டை ஆக்சைடின் எண் 2.7 வரை போகும். வார்னிஷுக்கு அடியில் இருந்தாலும் அது ஒளியைச் சிதறடித்துக்கொண்டே இருக்கும். அதற்கும் முன்னால் ஒரு வேலை: தேக்கில் இயல்பாகவே எண்ணெய்ப் பசை உண்டு, பெயின்ட் சரியாகப் பிடிக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, தின்னர் நனைத்த துணியால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இனி சுருக்கம். பெவிகாலில் ஏறக்குறைய பாதி தண்ணீர். மீதி, அதில் மிதக்கும் நுண்ணிய பாலிமர் துளிகள். தண்ணீர் ஆவியாகும்போது துளிகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே படலமாகின்றன. பால்போல் வெளுத்திருந்த பசை தெளிந்துவிடும். ஆனால் அந்தத் தண்ணீரில் ஒரு பங்கைக் காகிதமும் குடிக்கிறது. நனைந்த நார் நீளவாக்கில் அதிகம் நீளாது, குறுக்கே பருக்கும். ஆலையில் செய்யும்போது நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிவதால், காகிதமும் அதற்குக் குறுக்காகவே விரிகிறது. ஒரு துண்டைக் கிழித்துப் பாருங்கள்; எந்தப் பக்கம் நேராகக் கிழிகிறதோ அதுதான் நார் ஓடும் திசை. மரமும் ரேகைக்குக் குறுக்கேதான் விரிந்து சுருங்கும். இரண்டும் ஒரே வாக்கில் அமைந்தால் பிற்பாடு விரிசலுக்கு வாய்ப்புக் குறைவு.

கொப்புளம் வருவது, பாதி ஒட்டிய காகிதம் அதன்பிறகு விரிவதால். முன்னாலேயே பின்புறம் லேசாக நனைத்து ஓரிரு நிமிடம் விட்டால், விரிய வேண்டியதெல்லாம் விரிந்துவிடும். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி ஒட்டலாம். காயும்போது காகிதம் சுருங்கித் தானே விறைத்துக்கொள்ளும். மூடி மெல்லிய பலகை என்றால் அந்த இழுப்பிலேயே வளைந்துவிடும். உள்பக்கமும் ஒரு காகிதம் ஒட்டினால் இழுப்பு சமமாகும்.

படத்துக்கு இங்க்ஜெட் அச்சு வேண்டாம், அந்த மை பெரும்பாலும் தண்ணீரில் கரைந்து பரவும். லேசர் அச்சின் டோனர், சூட்டில் உருகிக் காகிதத்தில் பதிந்த பிளாஸ்டிக், பசைக்கு அசையாது. வளவு வீட்டுச் சுவரில் தொங்கும் ரவிவர்மா அச்சுப் படத்தில் ஆசை வந்தால், கலர் ஜெராக்ஸ் எடுத்து அதை வெட்டுங்கள். செய்தித்தாளைத் தவிர்த்துவிடலாம்: அதில் இருக்கும் லிக்னின் என்ற மரப்பொருள் வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும்.

செலவை மிச்சம் பிடிக்க மேல்பூச்சுக்கும் பெவிகாலையே கரைத்து அடிப்பவர்கள் உண்டு. அதன் பாலிமர் 30 டிகிரியைத் தாண்டினாலே இளக ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் மூடியும் பெட்டியும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், திறந்தால் பூவோடு பெயர்ந்து வரும். அக்ரிலிக் வார்னிஷை மூன்று நான்கு கை மெல்லிசாக, ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்தபின் பூசி, மூடி உரசும் விளிம்பில் மட்டும் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிடுங்கள்.